நாலாவது மாத்திரை

கிள்ளான்
7 ஜூலை 2024, ஞாயிறு, இரவு மணி 12.40

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். கவுன்டரில் இருப்பவர்களுக்கும் வேண்டாம், நர்ஸ்களுக்கும் வேண்டாம். படித்து முடித்ததும் துண்டு துண்டாகக் கிழித்து, கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் விஷ்ணுப்ரியா. உங்கள் அண்ணன் மகள். நீங்கள் கடைசியாக வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இப்போது மூன்றாம் படிவம். என் கைப்பேசிக்கு வரும் செய்தியெல்லாம் எங்கள் மசாலா மில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் வரும்படி அப்பா செய்து வைத்திருக்கிறார். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதை உங்களிடம் கொண்டுவருவது மில்லில் வேலை செய்யும் இர்ஃபான் அண்ணன். அவருடைய மருந்துப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். "அந்த டாக்டரம்மாவுக்கு நம்ம மொதலாளி மூக்கு அப்படியே இருக்கு பாப்பா" என்று அவர்தான் வந்து சொன்னார். அப்போதுதான் நீங்கள் கிள்ளானிலேயே வேலை செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை நாளாக நீங்கள் தலைநகர்ப் பக்கம் பிரிக்பீல்ட்ஸில் எங்கேயோ இருப்பதாகத்தான் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

இர்ஃபான் அண்ணனுக்கு டி.பி. என்று மே மாதம் நீங்கள் கண்டுபிடித்தீர்கள். கடை வாசலில், வாடிக்கையாளர்கள் முன்னால் மயங்கி விழுந்ததால்தான் அவரை அப்பா அனுப்பினார். இல்லாவிட்டால் அனுப்பியிருக்க மாட்டார். எங்கள் மில்லில் இருமாதவர் யார்? மிளகாய் அரைக்கிற நாளில் தெருவில் நடப்பவர்கூட இருமிக்கொண்டுதான் போவார். யார் இருமினாலும் அப்பா ஒரே பதில்தான் சொல்வார்: "மிளகாய்த்தூள் லா, தண்ணி குடி."

இப்போது சின்னையா அண்ணனும் இருமுகிறார். இர்ஃபான் அண்ணனைப் போல அவரும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், புதுக்கோட்டைப் பக்கம். இந்த வருடத் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுத்து எல்லாப் படியும் ஏறினார். இப்போது, மேலே குடியிருக்கும் நாங்களும் அவர்களும் ஏறும் மில் மாடிப்படியில் ஆறாவது படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். நேற்று அவர் ஒரு காலி மல்லித்தூள் பையில் துப்புவதைப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. மிளகாய் அரைக்காத நாள் அது.

அவரால் கிளினிக்குக்கு வர முடியாது. அவருடைய பெர்மிட் முடிந்து ஒன்பது மாதம் ஆகிறது. அப்பா புதுப்பிக்கவில்லை. பாஸ்போர்ட் அப்பாவின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதனால் இர்ஃபான் அண்ணன் தன்னுடைய நாலு மாத்திரையில் இரண்டைத் தினமும் அவருக்குக் கொடுக்கிறார். மூன்று வாரமாக இப்படி நடக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியும். "ஒரே ரூம்ல படுக்குறோம், நான் மட்டும் பொழைச்சா நல்லாவா இருக்கும்?" என்கிறார்.

அத்தை, பாதி போதுமா? போதாதென்றால், திங்கட்கிழமைதோறும் இர்ஃபான் அண்ணனிடம் கொடுக்கும் மருந்தில் இன்னும் ஒரு பொட்டலம், யார் பெயரும் எழுதாமல் சேர்த்துக் கொடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

உங்கள் அண்ணன் மகள்
ப்ரியா


கிள்ளான், கிளினிக்கிலிருந்து
8 ஜூலை 2024, திங்கள்

அன்புள்ள ப்ரியா,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நான்கு தடவை படித்த பிறகு.

நீ கேட்டதைக் கொடுக்க மாட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பெயரில்லாத பொட்டலம் கொடுத்தால் இன்னொரு பாதி வைத்தியத்துக்கு நானும் உடந்தையாவேன். சின்னையாவின் எடை என்ன, ஈரல் எப்படியிருக்கிறது, அவருக்கு இருப்பது டி.பி.தானா, எதுவும் எனக்குத் தெரியாது. பார்க்காத ஆளுக்கு மருந்து கொடுப்பதற்கு நான் படித்திருக்கவே வேண்டாம்.

பாதி போதுமா என்று கேட்டாய். போதாது. இர்ஃபானின் எடையைப் பார்த்து நாலு என்று எழுதினேன். இரண்டு மாத்திரை கிருமியைக் கொல்லாது, அடித்துவிட்டு விட்டுவிடும். பிழைத்துக்கொண்ட கிருமிக்கு அடுத்த முறை அந்த மருந்து உறைக்காது. ஆறு மாதத்தில் முடிய வேண்டிய வைத்தியம் ஒன்றரை வருடம் இழுக்கும், சில சமயம் முடியாமலும் போகும். இர்ஃபான் செய்தது அன்பால் செய்தது, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அன்பால் இரண்டு பேருமே போய்விடக்கூடும். இன்றே நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவர் சளியை மறுபடியும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன்.

இதில் என் தவறும் உண்டு. முதல் இரண்டு வாரம் அவர் தினமும் கிளினிக்குக்கு வந்து எங்கள் முன்னால் விழுங்கினார். மில் வேலை காலை ஆறு மணிக்கே தொடங்குகிறது என்றதால், ஒரு வாரத்து மருந்தைக் கொடுத்தனுப்ப ஒத்துக்கொண்டேன். மருந்து விழுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு கண்காணிப்பாளர் வேண்டும். முதலாளி போடுவதாகச் சொன்னார்கள். புத்தகத்தில் கையெழுத்தைப் பார்த்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து என் ரிப்போர்ட் கார்டில் விழுந்த கையெழுத்து அது. எங்கள் அப்பா இறந்த பிறகு படிப்பை விட்டுவிட்டு மில்லுக்குப் போனவர் உன் அப்பா. நான் தொண்ணூறு வாங்கினால் மீதிப் பத்து எங்கே போயிற்று என்று கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அப்படிப்பட்டவர் பார்க்காமல் போடுவார் என்று நான் நினைக்கவில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. மாடியில் அவர்கள் படுக்கும் அறையின் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல், மிளகாய் வாடை வந்தாலும் சரி. இந்த நோய் மசாலாவில் ஒட்டாது, தட்டில் ஒட்டாது, அடைத்துக் கிடக்கும் காற்றில்தான் பரவும். மாத்திரை சாப்பிடுகிறவர்களின் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், கண்ணீர்கூடச் சில சமயம் அப்படி வரும். மருந்து உடம்பில் சேருகிறது என்று அர்த்தம். சின்னையா அதைப் பார்த்து இரத்தம் என்று பயந்திருந்தால் இதைச் சொல்.

பிறகு அவரை என்னிடம் அனுப்பு. காலை ஏழே காலுக்கு, கவுன்டர் திறப்பதற்கு முன், நேராக நான்காம் அறைக்கு. நான் பாஸ்போர்ட் கேட்க மாட்டேன்.

ஒன்றை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. டி.பி. என்று உறுதியானால் நான் மேலே தெரிவித்தாக வேண்டும், அது சட்டம். சுகாதார ஆட்கள் வந்து அந்தக் கட்டடத்தில் தூங்குகிற எல்லாரையும் பரிசோதிப்பார்கள். உன்னையும்தான். நீ ஏறி இறங்கும் படிக்கட்டும் அதே படிக்கட்டுதானே?

அத்தை


கிள்ளான்
14 ஜூலை 2024, ஞாயிறு, இரவு

அத்தை,

நான் உங்களிடம் மருந்து கேட்டேன். நீங்கள் ஆட்களை அனுப்புவேன் என்கிறீர்கள்.

ஆட்கள் ஏற்கெனவே வந்தாயிற்று. வியாழக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள், இர்ஃபான் அண்ணன் விஷயமாக. அன்று காலையிலேயே அப்பா மேலே இருந்தவர்களை லோரியில் ஏற்றி ஊர் சுற்ற அனுப்பிவிட்டார். தரையில் மூன்று மெத்தை மட்டும் விட்டு மற்றதைச் சாக்கு மூட்டைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். அவர்கள் ஒரு பாரத்தை, பெயர் நிரப்பும் படிவத்தை, நீட்டி, இந்தக் கட்டடத்தில் இரவு தங்கும் எல்லாருடைய பெயரும் வேண்டும் என்றார்கள். 22-ஆம் தேதி மறுபடி வந்து வாங்கிக்கொள்வார்களாம். அப்பா அதில் மூன்று பெயர் எழுதி வைத்திருக்கிறார். அம்மா பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. நாங்கள் எங்கே தூங்குகிறோம், சந்தைப் பாசாரிலா?

அவர்கள் போன பிறகு அப்பா மேலே வந்து கத்தினார். "டி.பி.ன்னு ஒரு வார்த்தை வெளிய போனா நம்ம மசாலாவ எவன் வாங்குவான்? கடைக்காரன் பூரா பாக்கெட்ட திருப்பி அனுப்புவான். அப்புறம் உங்க எல்லாருக்கும் சோறு யாரு போடுறது, அந்த டாக்டரா?" என்றார். மசாலாவில் ஒட்டாது என்று நீங்கள் எழுதியது என் தொண்டை வரைக்கும் வந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே என்று விழுங்கிவிட்டேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் நீங்கள் பத்திரிகையில் எழுதினீர்கள். ஒரு மசாலா மில்லின் மாடியில் ஓர் அறைக்குள் பதினொரு பேர் என்று எழுதினீர்கள். பெயர் போடவில்லை, சரி. ஆனால் இரும்பு மாடிப்படிக்குப் பச்சைப் பெயின்ட் என்று எழுதினீர்களே, கிள்ளானில் பச்சைப் படி வேறு எங்கே இருக்கிறது? நகராண்மைக் கழகம் வந்தது, அபராதம் போட்டது. நான் முதலாம் படிவம் போனபோது பிரவின் என்று ஒருவன், "உங்க வீட்டு மஞ்சள்தூள்ல எத்தனை பேரு தூங்குறாங்க?" என்று வருடம் முழுவதும் கேட்டான். நீங்கள் பிரிக்பீல்ட்ஸுக்குக் கோமுட்டர் ரயில் ஏறிப் போய்விட்டீர்கள். நாங்கள் இங்கேயேதான் இருந்தோம். எழுதுவதற்கு முன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?

அபராதம் கட்டினார், படிக்கட்டுக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தார். அறையில் இன்னும் பதினொரு பேர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இர்ஃபான் அண்ணனுக்கும் சின்னையா அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். இர்ஃபான் அண்ணன் அழுதார். சின்னையா அண்ணன்தான் அவரைத் தேற்றினார்: "விடுப்பா, நீ விஷமா குடுத்த? மாத்திரைதான குடுத்த." அன்றிலிருந்து பங்கு போடுவதில்லை.

ஆனால் ஒரு கேள்வி. மருந்துப் பொட்டலம் அப்பாவின் ஆபீஸில்தான் இருக்கும். தினமும் காலையில் அவர்தான் எடுத்து இர்ஃபான் அண்ணன் கையில் கொடுப்பார். கையெழுத்தை மட்டும் திங்கட்கிழமையே ஏழு கட்டத்திலும் சேர்த்துப் போட்டுவிடுவார், டெலிவரிச் சீட்டில் போடுவதுபோல. செவ்வாய்க்கிழமையிலிருந்து மூன்று மாத்திரைதான் கொடுக்கிறாராம். "டாக்டரு கொறைச்சிட்டாங்க" என்றாராம். நீங்கள் குறைத்தீர்களா?

இன்னொன்று. வரும் ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆட்கள் திரும்பி வருவதற்கு முந்தின நாள், சின்னையா அண்ணனை டெங்கிலில் இருக்கும் ஒரு கூட்டாளியின் ஸ்டோருக்கு அனுப்பப் போகிறார். எனக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. ஏழே காலுக்கு எப்படி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பயமாக இருக்கிறது.

ப்ரியா


கிள்ளான், கிளினிக்கிலிருந்து
15 ஜூலை 2024, திங்கள்

ப்ரியா,

நீ கேட்டதற்குப் பதில்: சொல்லவில்லை. உன் அப்பாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்தான் எழுதினேன். சொன்னால் தடுத்துவிடுவார் என்று பயந்தேன். எழுதியது பொய்யில்லை, அதை இன்றைக்கும் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் முதலில் மில்லுக்கு வந்து, அண்ணனின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் பிறகு எழுதியிருக்க வேண்டும். அந்தப் பிரவின் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லும்படி ஆயிற்று. என்னை மன்னித்துவிடு.

நான் எதையும் குறைக்கவில்லை. நாலு, ஏழு நாள், இருபத்தெட்டு மாத்திரை. போன திங்கட்கிழமையும் அதுதான், இன்றும் அதுதான். இன்று இர்ஃபானை என் எதிரில் உட்காரவைத்து நாலையும் விழுங்கச் சொல்லிப் பார்த்தேன். நாலாவது எங்கே போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். சின்னையாவுக்கு இல்லையென்றால் யாருக்கு?

நீ பயப்படுவதாக எழுதியிருக்கிறாய். நானும் ஒன்று சொல்கிறேன். சென்ற மாதம் ஒரு பெண்ணுக்கு, கையில் எந்தப் பத்திரமும் இல்லாதவள், பதிவு செய்யாமலே மருந்து தொடங்கினேன். அதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மேலிடத்துக் கடிதம் வந்திருக்கிறது. பதினான்கு நாளில் பதில் எழுத வேண்டும். பதிலை எழுதி முடித்துவிட்டேன், அதில் மன்னிப்பு என்ற சொல் இல்லை. எழுதியது இதுதான்: கிருமி பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் நெஞ்சில் நுழைவதில்லை. வெளிநாட்டுக்காரர் என்றால் முன்பணம், பத்திரம் இல்லையென்றால் போலீஸ் என்று கவுன்டரில் பயம் காட்டினால் அவர்கள் வரமாட்டார்கள். வராதவர்களின் இருமல் நிற்காது. அது அறைக்குள் இருக்கும், படியேறும், பள்ளிச் சீருடை போட்ட பிள்ளையின் பக்கத்தில் பஸ்ஸில் நிற்கும். முதலில் மருந்து கொடுங்கள், பிறகு பத்திரம் பாருங்கள். தங்குமிடத்துக்கே எக்ஸ்ரே வண்டியை அனுப்புங்கள், வேலை முடிகிற நேரத்தில்.

நேற்று வரை அவ்வளவுதான் இருந்தது. உன் கடிதத்தைப் படித்த பிறகு இன்னொரு பத்தி சேர்த்தேன். மருந்துக்குக் கண்காணிப்பாளராக முதலாளியை ஒருபோதும் வைக்காதீர்கள். சம்பளமும் பாஸ்போர்ட்டும் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் மாத்திரையும் இருக்கக்கூடாது. அந்தத் தவறைச் செய்தவள் நான் என்றும் எழுதியிருக்கிறேன்.

வேலையைவிட்டு எடுத்தால் எடுக்கட்டும். பிரிக்பீல்ட்ஸில் என் ஃபிளாட்டின் கீழே ஒரு மேசை போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

டெங்கில் கூடாது, ப்ரியா. அங்கே ஸ்டோரில் படுக்கும் வேறு நாலு பேர் நடுவில் இருந்து இருமுவார், யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அங்கேயே செத்தும் போவார். புதன்கிழமை அனுப்பு. முடியாவிட்டால் சொல், நானே மில் வாசலுக்கு வருகிறேன்.

அத்தை


17 ஜூலை 2024, புதன், காலை 5.50

அத்தை,

நீங்கள் மில்லுக்கு வரவேண்டாம். வந்தால் சண்டைதான் நடக்கும், சின்னையா அண்ணன் மாடியிலேயே கிடப்பார்.

இதைக் கொண்டுவருகிறவர்தான் சின்னையா அண்ணன். பாசாருக்குச் சரக்கு போகும் லோரியில் வருகிறார். லோரி ஓட்டும் தனேஷ் அண்ணனிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். "நான் எதையும் பாக்கல தங்கச்சி. பின்னாடி மல்லி மூட்டைதான் இருக்கு. மூட்டை இருமினா நான் என்னா பண்றது?" என்றார்.

சட்டைப் பைக்குள் பாஸ்போர்ட் இருக்கிறது. அப்பா குளிக்கும்போது சாவியை எடுத்து மேசை இழுப்பறையைத் திறந்தேன். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் அது அவருடையது.

லோரி கிளம்பப் போகிறது, இதோடு முடிக்கிறேன்.

ப்ரியா


கிள்ளான், கிளினிக்கிலிருந்து
17 ஜூலை 2024, புதன், மாலை

ப்ரியா கண்ணு,

வந்துவிட்டார். ஏழு பன்னிரண்டுக்கு, உடம்பெல்லாம் மல்லி வாசனையோடு, இரண்டு கையாலும் உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு.

எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே ஒரு பெரிய ஓட்டை. சளியில் கிருமி இருக்கிறது. நாற்பத்து மூன்று கிலோதான் இருக்கிறார். அவருக்கு எத்தனை மாத்திரை என்பதை எடையைப் பார்த்து எழுதினேன், எழுதியதை என் முன்னால் விழுங்கினார். பிறகுதான் கவுன்டருக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருக்கும் அஃப்ரின் நல்ல பெண், ஆனால் கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் கேட்பாள். "டாக்டர், இவரோட பெர்மிட் செத்துப் போச்சு. சிஸ்டம் ஏத்துக்காது லா" என்றாள். "பெர்மிட் செத்தா பரவால்ல அஃப்ரின், ஆளு சாகக்கூடாது. கையால எழுது" என்றேன். பிறகு இழுப்பறையிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து, பேனாவால் அவர் பெயரை எழுதினாள். "உங்களுக்கு ரெண்டாவது லெட்டர் வரும் டாக்டர்" என்றாள். வரட்டும். இப்போது அவர் பெரிய ஆஸ்பத்திரியில், ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறார். பால்குடம் எடுத்த கதையைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

பத்து மணிக்கு உன் அப்பா எனக்குப் போன் செய்தார். மூன்று வருடத்தில் முதல் தடவை. "என் ஆளை எங்கே வெச்சிருக்க?" என்று தொடங்கினார். மூச்சுவிடாமல் திட்டுவார் என்று காத்திருந்தேன். மூச்சு வாங்கி வாங்கித் திட்டினார். அந்த நாலு நிமிடத்தில் ஏழு தடவை நிறுத்தி இருமினார். திட்டியதைவிட அந்த ஏழு இருமலையும்தான் கவனமாகக் கேட்டேன்.

அவர் எப்போதிலிருந்து இருமுகிறார்? எனக்கு எழுது. தனேஷ் இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அத்தை


கிள்ளான்
20 ஜூலை 2024, சனி, இரவு மணி 11.15

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். உங்கள் விளக்கக் கடிதத்தோடு சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பினாலும் எனக்குச் சம்மதம். கிழிக்க வேண்டாம்.

புதன்கிழமை அப்பா மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தார். பாஸ்போர்ட் யார் எடுத்தது என்று எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இர்ஃபான் அண்ணன், "நான்தான் மொதலாளி" என்றார். மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். வைத்தியம் பாதியில் நிற்கும். நான் அப்போது பேசவில்லை. மூன்று நாளாக அதுதான் என்னைத் தின்கிறது. இன்றைக்குப் பேசப் போகிறேன்.

அப்பா எப்போதிலிருந்து இருமுகிறார் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. மில்காரர் இருமுவதை யார் கவனிப்பார்கள்? தீபாவளிக்கு வாங்கிய வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டார். அம்மா கேட்டதற்கு, "சர்க்கரையக் கொறைச்சேன், அதான்" என்றார். சித்திரை மாதத்திலிருந்து ஆபீஸிலேயே படுத்துக்கொள்கிறார். கணக்குப் பார்க்க வேண்டுமாம். அம்மாவையும் என்னையும் விட்டு அவர் ஏன் தள்ளிப் படுத்தார் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

சனிக்கிழமைகளில் ஆபீஸ் கழிவறையை நான்தான் கழுவுவேன். அதை அப்பாவைத் தவிர யாரும் பயன்படுத்துவதில்லை. சாவி அவர் இடுப்பில் இருக்கும், கழுவுவதற்கு மட்டும் எனக்குத் தருவார். இன்று சாயங்காலம் உள்ளே போனேன். தண்ணீர் சரியாக ஊற்றியிருக்கவில்லை. வெள்ளைப் பீங்கானில் ஆரஞ்சு நிறம்.

பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நீங்கள் எழுதிய வரி அப்படியே ஞாபகம் வந்தது. மருந்து உடம்பில் சேருகிறது என்று அர்த்தம்.

நாலாவது மாத்திரை எங்கே போகிறது என்று கேட்டீர்களே. அங்கேதான் போகிறது. ஒரு நாளைக்கு ஒன்று, இர்ஃபான் அண்ணனிடமிருந்து எடுத்து. கிளினிக்குக்கு வந்தால் நான்காம் அறையில் நீங்கள் இருப்பீர்கள், தங்கை முன்னால் சட்டையைக் கழற்றி மூச்சை இழுத்துவிட வேண்டும் என்று வராமல் இருந்திருக்கிறார். தனியார் டாக்டரிடம் போனால் அவரும் மேலே தெரிவிப்பார், மில் பெயர் வெளியே வரும் என்றும் நினைத்திருப்பார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கூலிக்காரன் மருந்தைத் திருடித் தின்கிறார் என் அப்பா. பிறகு ஒன்று எவ்வளவு போதாது என்று யோசித்தேன். இரண்டே போதாது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், அத்தை?

அழவில்லை. கழிவறையைக் கழுவவும் இல்லை. அப்பாவின் மேசையில் அந்தப் பாரம் இருந்தது, திங்கட்கிழமை கொடுக்க வேண்டியது. எடுத்து மேலே கொண்டுவந்துவிட்டேன். அவர் எழுதிய மூன்று பெயரின் மேல் கோடு போட்டு, புதிதாக எழுதினேன். மாடியில் படுக்கும் எல்லாருடைய பெயரும், சின்னையா அண்ணன் பெயரோடு. அம்மா பெயர். என் பெயர், வயது 15. எழுதி முடித்த பிறகு பார்த்தேன், மேலே ஓர் இடம் விட்டிருந்தேன். தெரிந்துதான் விட்டேனா என்று தெரியவில்லை. அதில் முதல் பெயராக எழுதினேன்: கமலநாதன், வயது 54, எத்தனை நாளாக இருமல் என்ற கட்டத்தில் "சித்திரை மாதத்திலிருந்து, ஒருவேளை அதற்கும் முன்னால்".

தகவல் தந்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கென்று இன்னும் சரியான கையெழுத்து இல்லை. அப்பாவுடையதைப் பார்த்துத்தான் பழகினேன், அதனால் அவருடையது போலவே இருக்கிறது.

திங்கட்கிழமை நீங்கள் இருப்பீர்கள் அல்லவா? ஏழே காலுக்கு நான் வருவேன். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. இர்ஃபான் அண்ணனும் வருவார், நாலு மாத்திரையும் உங்கள் முன்னால் விழுங்குவார், இனி தினமும் அங்கேயே. அவரை ஊருக்கு அனுப்ப முடியாது, பாஸ்போர்ட்டை எடுத்தது நான்தான் என்று இன்று சொல்லப் போகிறேன். அப்பாவையும் கூட்டிவருவேன். எப்படி என்று தெரியாது. அவர் வரமாட்டேன் என்றால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துகொள்வேன், மிளகாய் அரைத்தாலும் எழுந்திருக்க மாட்டேன். நீங்கள் அவரைத் திட்டாதீர்கள். முதலில் எடை பாருங்கள். மீதி எத்தனை கிலோ எங்கே போயிற்று என்று வேண்டுமானால் கேளுங்கள், ரிப்போர்ட் கார்டில் கேட்பாரே, அந்த மாதிரி.

கீழே ஆபீஸ் கதவு திறக்கிறது. மேசையில் பாரம் இல்லை என்று பார்த்திருப்பார். படியேறி வருகிறார், இருமல் முன்னால் வருகிறது. ஆறாவது படியில் நிற்கிறார். சின்னையா அண்ணன் உட்காரும் அதே படி. அத்தை, அவர் மூச்சு வாங்குவது எனக்கு இங்கே கேட்கிறது.

மறுபடி ஏறுகிறார்.

இதுவரை எழுதியதையெல்லாம் மெத்தைக்கு அடியில்தான் வைப்பேன். இன்றைக்கு மேசை மேலேயே இருக்கட்டும், பாரத்துக்குப் பக்கத்தில், விளக்கையும் அணைக்கவில்லை. அவரே படிக்கட்டும், முதல் பெயரிலிருந்து

கதவைத் தட்டுகிறார். "ப்ரியா, தூங்கிட்டியா" என்று கேட்கிறார், கோபமாக இல்லை. நான் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன்.